கந்தையிற் கலை

கந்தை என்னும் சொல் தமிழரிடையே பெரும்பாலும் இழிவுப் பொருளிலேயே வழங்குகிறது. கிழிந்தது, நைந்தது, நாலு பேர் முன்னிலையில் உடுக்கத் தகாதது என்பனவே அச்சொல் எழுப்பும் எண்ணங்கள். ஆயினும், கந்தையாயினும் கசக்கிக் கட்டுக என்று அறிவுரை கூறிய முன்னோர், கந்தைக்கும் ஒரு மானம் உண்டென்பதை மறந்தாரல்லர். இதே சொல்லின் உறவாகிய 'காந்தா' என்னுஞ் சொல் வங்காளத்திலே ஒரு பெருங்கலையின் பெயராய் விளங்குகிறது. அங்குள்ள பெண்கள் நைந்த பருத்திச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சேலைகளின் கரையிலிருந்தே உருவியெடுத்த வண்ண நூலால், தாமரையும் மீனும் தேரும் மரமுமாக நெருங்கத் தைத்துப் போர்வையாக்கி வந்தனர். ஒரே சொல், ஓரிடத்தில் இகழ்ச்சியாகவும் மற்றோரிடத்தில் புகழாகவும் நிற்பதற்குக் காரணம், இடையே புகுந்த ஊசியும் உழைப்புமேயாகும்.

துணியை அடுக்கித் தைக்கும் இக்கலையை ஆங்கிலத்தில் 'குவில்ட்' என்பர். தமிழில் அடுக்குத்தையல் எனலாம். இதற்கு மூன்று படைகள் உண்டு. மேலே அழகுக்குரிய துணி. நடுவே பஞ்சு அல்லது தடித்த துணி. அடியிலே தாங்குவதற்கு ஒரு துணி. இம்மூன்றையும் பிரியாமற் பிணைப்பது நூலோட்டம். குளிர்நாடுகளில் இது போர்வையாகப் பிறந்தது. திருகோணமலை போன்ற வெப்பமான கரையோரத்தில் தடித்த போர்வைக்குத் தேவையில்லை. எனினும், மேற்படையைச் சாயத்தாலும் தூரிகையாலும் ஓவியமாக்கிச் சுவரிலே தொங்கவிடும்போது, அது போர்வை என்னும் நிலையைக் கடந்து கலைப்பொருளாகிறது. இன்று உலகெங்கும் பலர் ஈடுபடும் கலை இதுவே.

இக்கலையின் உறுப்புக்கள் யாவும் இக்கரைக்குப் புதியன அல்ல. பாட்டியின் பழைய நூற்சேலை பேரக்குழந்தைக்கு ஏணையாகக் கட்டப்படுவதையும், நாலாக மடிந்து பிள்ளையின் படுக்கையாவதையும் ஈழத்து வீடுகளில் காணலாம். கோயில் திருவிழாக்களில் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளையும் தேர்ச்சீலைகளையும் உற்றுநோக்கினால், ஒரு நிறத் துணியின்மேல் வேறு நிறத் துணிகளை உருவங்களாக வெட்டி வைத்துத் தைத்திருப்பது தெரியவரும். துணியைச் சேமிக்கும் வழக்கமும், துணிமேல் துணி வைத்து உருவம் காட்டும் வழக்கமும் இங்கே உள்ளன. இனி எஞ்சியது நிறம். அதிலும் இக்கரைக்கு நெடிய வரலாறு உண்டு.

நைலான் வலைகள் பரவுவதற்கு முன்னர், பருத்தி வலைகள் உவர்நீரில் விரைவில் உளுத்துப்போகாதிருத்தற்பொருட்டு, மரப்பட்டையை அவித்த சாற்றில் அவற்றைத் தோய்த்தெடுப்பது கடற்றொழிலாளர் வழக்கம். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் பருத்தி இழையைப் பற்றிக்கொள்ளும்; வலையும் செம்பழுப்பு நிறம் பெறும். சாயத்தின் முதற்பாடம் இதுவே. நிறமுள்ள நீரில் துணியை நனைத்தால் மட்டும் போதாது. நிறத்தை இழையோடு பிணைக்கும் ஒரு பொருள் வேண்டும்.

இந்தப் பிணைப்பின் நுட்பத்தை உலகுக்குக் காட்டியவர்கள் சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள். அவர்கள் வெள்ளைத் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரிலே தோய்த்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு இழையிற் படிய, பாலின் கொழுப்பு கோடு பரவாமற் காக்கும். இரும்புத் துருவையும் வெல்லத்தையும் புளிக்க வைத்த நீரை மூங்கிற் கலத்தால் தொட்டு எழுதினால், அது கடுக்காயோடு கூடிக் கருங்கோடாகும். சிவப்பு வரவேண்டிய இடங்களிற் படிகார நீரைத் தீட்டுவர். பின்னர்த் துணியைச் சாயவேருடன் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் செந்நிறம் ஏற்று நிற்கும். பிற இடங்களிற் படிந்த மங்கல், கழுவலிலும் வெயிலிலும் வெளுத்துவிடும். அடுத்து, நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். இறுதியாக மஞ்சள். நீலத்தின்மேல் மஞ்சள் பட்ட இடம் பச்சையாகும். அம்மஞ்சள் நிலையற்றது. ஆதலாற்றான் அரும்பொருட்சாலைகளிலுள்ள பழைய துணிகள் பலவற்றில் இலைகள் இன்று நீலமாகக் காட்சி தருகின்றன.

சாயவேர் என்பது மணற்பாங்கான கரையோரங்களில் வளரும் ஒரு சிறு பூண்டின் வேர். இம்பூறல் என்றும் அதனைக் கூறுவர். யாழ்ப்பாணம், மன்னார், வன்னி ஆகிய பகுதிகளின் மணலில் விளைந்த வேர் நல்ல சிவப்புத் தருவதென்று பெயர் பெற்றிருந்தது. ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின், அவ்வேரைத் தோண்டும் உரிமையைத் தம் ஆட்சிக்கே உரியதாக்கினர். வேர் தோண்டுதல் சில குடிகளின்மேல் ஊழியமாகச் சுமத்தப்பட்டது. அவ்வேர் கடல் கடந்து சோழமண்டலக் கரைக்குச் சென்றது. அங்கே எழுதப்பட்ட துணிகள் கப்பலேறி உலகெங்கும் சென்றன. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையிலே பெருங்கப்பல்கள் ஒதுங்கத் தக்க துறை இல்லை. அக்காலங்களில் அவற்றுக்குப் புகலாக விளங்கியது, எக்காற்றுக்கும் அசையாத திருகோணமலையின் உட்துறைமுகம். துணி வாணிகத்தின் பொருட்டு அக்கடலில் நடமாடிய நாடுகள் இத்துறைமுகத்தின்மேல் ஆசை கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அத்துணிகளுக்கு ஐரோப்பாவில் இருந்த மோகம் சிறிதன்று. கட்டில் விரிப்புக்காக எழுதப்பட்ட பெருந்துணிகள் பல, பஞ்சு வைத்து அடுக்குத்தையலாகத் தைக்கப்பட்டன. உள்நாட்டு நெசவாளர் பிழைப்பைக் காக்கும் பொருட்டு, பிரான்சு 1686 முதல் 1759 வரை இத்தகைய துணிகளைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் 1700ஆம், 1721ஆம் ஆண்டுகளிற் சட்டம் இயற்றித் தடுத்தது. தடைக்கு அஞ்சாத மக்கள் மறைவாக வாங்கினர். தடுத்த நாடுகளோ தொழில் இரகசியத்தை அறிய முயன்றன. 1734 அளவில் பொலியூ என்னும் பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, புதுச்சேரியிலே சாயக்காரர் வேலையை உடனிருந்து பார்த்து, ஒவ்வொரு படியிலும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து, குறிப்போடு சேர்த்து வைத்தார். அக்குறிப்பும் துண்டுகளும் பாரிசு நகரில் இன்றும் உள்ளன. 1742ஆம் ஆண்டில் கேர்தூ என்னும் பாதிரியார் இதே முறையை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். எழுதிய இருவர் பெயரும் வரலாற்றில் நிலைத்தன. செய்து காட்டிய தமிழ்ச் சாயக்காரரின் பெயர்கள் நிலைக்கவில்லை. இச்செய்தியை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். இக்கலை பற்றி எண்ணும்போதெல்லாம் மீண்டும் எழுவது இவ்வினாவே.

1868ஆம் ஆண்டில் கிரேபே, லீபர்மான் என்னும் செருமானிய அறிஞர் இருவர், சாயவேரிற் சிவப்பைத் தரும் அலிசரின் என்னும் பொருளை நிலக்கரித் தாரிலிருந்து பெறும் வழியைக் கண்டனர். 1897இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. வேர் தோண்டும் தொழிலும் அவுரி விளைவிக்கும் தொழிலும் தளர்ந்தன. எனினும் கலை முற்றும் அழியவில்லை. தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரி ஓவியம் 2021ஆம் ஆண்டில் இந்தியாவின் புவிசார் குறியீடு பெற்றது.

இன்று வீட்டிலோ பாடசாலையிலோ துணிக்குச் சாயமேற்ற விரும்புவோர்க்கு இலகுவான வழியொன்று உண்டு. 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் சந்தைக்கு வந்த வினைபடு சாயங்கள், கொதிக்க வைக்காமலே பருத்தி இழையோடு இரசாயனப் பிணைப்புக் கொள்வன. முதலில் துணியின் கஞ்சியை நன்கு துவைத்தகற்ற வேண்டும். பின்னர்ச் சோடாத்தூள் கரைத்த நீரிற் கால் மணி நேரம் ஊறவிட்டு, பிழிந்து, கரைத்த சாயத்தை ஊற்றியோ தூரிகையால் தீட்டியோ, ஓர் இரவு ஈரம் உலராமல் மூடி வைக்கவேண்டும். மறுநாள், நீர் தெளியுமட்டும் அலசவேண்டும். சாயத்தூள் மூச்சிற் சென்றால் தீங்கு தரும். ஆதலின் வாயையும் மூக்கையும் மறைத்துக் கொள்வதும், சமையற் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தாதிருப்பதும் இன்றியமையாதன. கலப்பு நூலிற் சாயம் முழுமையாகப் பற்றாது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதனால் ஒதுக்கப்பட்ட வெள்ளைச் சீருடை இக்கலைக்கு நல்ல துணிதான். ஆயினும் அதிலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்திப் பார்க்கவேண்டும். சாம்பலாகி உதிர்ந்தால் பருத்தி. உருகித் திரண்டால் செயற்கை இழை கலந்தது.

சாயம் வேறு, வர்ணப்பூச்சு வேறு. சாயம் இழையினுள்ளே புகும். துணி மென்மை குன்றாது. வர்ணப்பூச்சோ பசையின் உதவியால் இழையின்மேல் ஒட்டி நிற்கும். துணி சற்று விறைக்கும். கடலின் பரப்பு, வானத்தின் மாலைநிறம் முதலிய அகன்ற நிறங்களுக்குச் சாயமும், படகின் கயிறு, மானின் புள்ளி முதலிய நுண்ணிய வேலைகளுக்கு வர்ணப்பூச்சும் பொருந்தும். வெள்ளைக் கோடு வேண்டுமாயின் மெழுகு தீட்டும் பத்திக் முறை கைகொடுக்கும். இலங்கையிலே பத்திக் கலைக்குப் பெருமதிப்புத் தேடித் தந்தவர் ஈனா த சில்வா (1922–2015). 1960களில் தம் மகனோடும் ஓவியர் லக்கி சேனநாயக்கவோடும் கொழும்பிற் பட்டறை தொடங்கிய அவர், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் வரவேற்பு மண்டப மேற்கட்டியைப் பத்திக் துணிகளால் அணி செய்தார். பிற்காலத்தில் மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிற் கிராமத்துப் பெண்களுக்கு இத்தொழிலைப் பயிற்றினார். ஒரு கைத்தொழில் ஊர்ப் பெண்களின் கையில் ஊதியமாக மாறக்கூடும் என்பதற்கு அது சான்று.

திருகோணமலையின் காலநிலையை அறிந்து வேலையை வகுத்துக்கொள்வது நலம். கச்சான்காற்று வீசும் மாதங்களில் துணி சில நாழிகையில் உலர்ந்துவிடும். சாயம் பற்றுமுன் துணி உலர்ந்தால் வினை நின்றுவிடும். மெழுகும் வெப்பத்தால் இளகும். ஆகவே சாயமிடலை நிழலிலே, நன்கு மூடி வைத்துச் செய்தல் வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீரிலே சுண்ணமும் உவரும் மிகுதி. வினைபடு சாயத்துக்கு அது ஆகாது. சேமித்த மழைநீரே சிறந்தது. ஐப்பசி முதல் தை வரை மழைக்காலம். வெளிவேலை குறைந்து வீட்டிலிருக்கும் காலம். கோடையிற் சாயமிட்ட துணிகளை மாரியில் தைத்தால், ஆண்டின் இரு பருவங்களும் இக்கலைக்குப் பயன்படும்.

தைக்கும் முறை எளிது, பொறுமையே அரிது. தொடங்குவோர் ஓரடிச் சதுரத்துக்கு மேற்போகாதிருத்தல் நன்று. முதலில் தாளிலே படத்தை வரைந்து, பகுதிகளாக வெட்டி, அவ்வடிவில் துணியை விளிம்புக்குக் கால் அங்குலம் மிகுதியாக வைத்து வெட்டவேண்டும். துண்டுகளை இணைத்து மேற்படை ஆனதும், நடுவே பழைய பருத்தி விரிப்பையோ சாரத்தையோ வைத்தால் போதும். இலவம்பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிக் கட்டிபடும். மூன்று படைகளையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீளத் தையலாற் பிணைத்துக்கொண்டு, பின்னர் நுண்தையலைத் தொடங்கவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவிற் சுருக்கம் விழும். நூலோட்டம் வெறும் பிணைப்பன்று. அதுவும் ஓர் ஓவியமே. அலையைத் தொடர்ந்து நூல் சென்றால், துணியில் எழும் மேடும் பள்ளமும் ஒளியை வாங்கிக் கடல் அசைவதுபோலத் தோன்றும். வர்ணத்தாற் காட்ட இயலாத இதனை ஊசி காட்டும்.

எதனைப் படமாக்குவது என்னும் வினா அடுத்து எழுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று எங்கும் விற்கப்படும் யானையையும் தென்னையையும் மறுபடியும் செய்வதிற் பயனில்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வந்து தங்குவோர் இவ்வூரிலன்றி வேறெங்கும் காணாத பொருளையே மதிப்பர். கோணேசர் மலையின் செங்குத்துப் பாறை, கோட்டைக்குள்ளே அஞ்சாமல் உலவும் புள்ளிமான்கள், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், கொட்டியாரக்குடாவில் மாவலி கடலோடு கலக்கும் கலங்கல்நீர், தம்பலகாமத்து வயல்கள், கின்னியாப் பாலத்து விளக்குகள் என, நிறத்துக்கும் வடிவத்துக்கும் இங்கே குறைவில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவின மக்களின் சேலையும் சாரமும் சட்டையும் ஒரே சீலைப்படத்தில் ஒன்றுசேர இடமுண்டு.

இனி, இக்கலையின் உயிர்நிலைக்கு வருவோம். சாயமிட்ட புதுத்துணி அழகைத் தரும். உடுத்த பழந்துணியோ நினைவைத் தரும். திருகோணமலை மாவட்டத்துக் குடும்பங்கள் பல, போரினால் ஒரு முறையன்று, பல முறை இடம்பெயர்ந்தவை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோர வீடுகளை வாரிச் சென்றது. 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதி மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். ஓடுகிற வீட்டார் பொருள்களைக் கட்டிக்கொண்டது பெரும்பாலும் ஒரு சேலையிலேதான். படமும் பத்திரமும் அழிந்த வீடுகளில், இல்லாமற் போனவரின் சட்டையொன்று பெட்டியின் அடியிற் கிடப்பதுண்டு. அதனை உடுக்கவும் மனம் வராது. எறியவும் மனம் வராது. அச்சட்டையின் ஒரு துண்டு, வண்ணக் கடலின் நடுவே ஒரு படகாய் அமையுமானால், அது மூலையிற் கிடந்து செல்லரிப்பதினின்றும் தப்பும். வீட்டாரும் அதனைக் கண்ணெதிரே வைத்துப் பேசத் தொடங்குவர்.

இது வெறும் கற்பனையன்று. வன்னியிலிருந்து எழுந்த ஓவியர் வினோஜா தர்மலிங்கம், துணியையும் நூலையும் கொண்டே போரின் நிலக்காட்சிகளையும் இடப்பெயர்வையும் படைத்து வருகிறார். சிலி நாட்டில் 1973ஆம் ஆண்டு இராணுவ ஆட்சி ஏற்பட்டபின், காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவிமாரும் துணித்துண்டுகளைத் தைத்துத் தம் கதையை உலகுக்கு உரைத்தனர். அமெரிக்காவின் பேத் ரிங்கோல்ட் என்னும் கறுப்பின ஓவியர், 1980இல் தம் தாயோடு சேர்ந்து முதல் அடுக்குத்தையல் ஓவியத்தை ஆக்கி, பின்னர் எழுத்தும் ஓவியமும் தையலும் ஒன்றிய கதைப் போர்வைகளாற் புகழ் பெற்றார்.

அதே நாட்டின் மற்றொரு பெண்ணின் வரலாறு எச்சரிக்கையாகவும் அமைகிறது. அடிமையாய்ப் பிறந்த ஹரியற் பவர்ஸ் (1837–1910) விவிலியக் காட்சிகளைத் துணியில் வெட்டி வைத்துத் தைத்த போர்வை, 1886இல் ஜோர்ஜியா மாநிலத்துப் பொருட்காட்சியொன்றில் வைக்கப்பட்டது. கண்டு வியந்த ஓவிய ஆசிரியை ஒருத்தி விலைக்குக் கேட்டபோது பவர்ஸ் கொடுக்க மறுத்தார். சில ஆண்டுகளின் பின் வறுமை நெருக்க, பத்து டொலர் கேட்டு ஐந்து டொலருக்கு விற்றார். விற்ற பின்னும் அதனைக் காண அந்த ஆசிரியையின் வீட்டுக்குப் பல முறை சென்றார் என்பர். இன்று அப்போர்வை அமெரிக்கத் தேசிய அரும்பொருட்சாலையின் செல்வங்களுள் ஒன்று. வாங்கியவர் அக்காட்சிகளின் விளக்கத்தைச் செய்தவர் வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைத்தமையாலேயே, பவர்சின் பெயர் அழியாது நின்றது.

இதிலிருந்து கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. முதலாவது, நினைவைத் தாங்கிய துணியை விற்பனைக்கு ஆக்கலாகாது. அது வீட்டுக்கு உரியது. விற்பனைக்குப் புதுத்துணியில் ஆக்குவதற்கோ, செலவிட்ட நாட்களைக் குறித்துவைத்து, கூலியைக் கணக்கிட்டே விலை கூறவேண்டும். துணியின் விலையை மட்டும் எண்ணி உழைப்பை இலவசமாக்குவது, ஊழியமாக வேர் தோண்டிய காலத்துக்கே திரும்புவதாகும். இரண்டாவது, முடித்த சீலைப்படத்தின் பின்புறத்தில், கோல் நுழைக்கும் பட்டியைத் தைக்கும்போதே ஒரு சிறு வெள்ளைத் துணியையும் தைத்து, அதிலே அழியாத மையினால் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு, எவருடைய துணி என்பவற்றை எழுதவேண்டும்.

புதுச்சேரிச் சாயக்காரரின் கைத்திறனைக் காட்டும் துண்டுகள் முந்நூறு ஆண்டுகளை அணுகியும் இருக்கின்றன; அவர்தம் பெயர்கள் இல்லை. நிறம் நிலைப்பதற்குச் சோடாவும் படிகாரமும் உள்ளன. படைகள் நிலைப்பதற்கு நூல் உண்டு. செய்தவரின் பெயர் நிலைப்பதற்கு நான்கு வரி எழுத்துப் போதும். அந்த நான்கு வரியையும் எழுதி முடித்த பின்னரே வேலை முடிந்ததென்று ஊசியைக் கீழே வைக்கவேண்டும்.